பெயர் கேட்கும் முன் யோசனை கேளுங்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அறிவிப்பு நேரத்தைக் கவனித்திருப்பீர்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, "வருகிற இரண்டாம் சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவுட்ரீச். வேன் ஏற்பாடு ஆகியிருக்கிறது. வர விருப்பமுள்ளவர்கள் ஆராதனை முடிந்ததும் பெயர் கொடுக்கவும். கைப்பிரதிக்கும் டீச் செலவுக்கும் தாங்க விரும்புகிறவர்கள் பொருளாளரைப் பார்க்கவும்" என்பார். கொரட்டூரில் ஆரம்பித்துத் திருநின்றவூர் வரைக்கும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும், எந்தச் சபையில் போய் உட்கார்ந்தாலும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான். சி.எஸ்.ஐ. ஆனாலும் சரி, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்டு நடக்கிற பெந்தெகொஸ்தே சபை ஆனாலும் சரி.

எந்தத் தெரு, எந்த நாள், எத்தனை மணி, என்ன கொடுப்பது, யார் பேசுவது, எல்லாம் முடிவாகிவிட்டது. சபையாரிடம் கேட்க மிச்சம் இருப்பது இரண்டுதான்: பெயர், பணம்.

சனிக்கிழமை வேனில் பாதி சீட் காலி. வருகிறவர்களும் வழக்கமாக வருகிற அதே முகங்கள். அடுத்த வாரப் பிரசங்கத்தில் "சபைக்கு ஆத்தும பாரமே இல்லை" என்று ஒரு குத்து விழும். கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அதோடு அடுத்த இரண்டாம் சனிக்கிழமை வரை விஷயம் முடிந்தது.

எனக்கு அந்தக் குத்தில் உடன்பாடு இல்லை. பாரம் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. ஆள் சேர்ப்பது வேறு, யோசனை சேர்ப்பது வேறு. ஒரு சபை உறுப்பினர் வாய் திறந்து சொல்லும் வார்த்தையால் தேதி மாற வேண்டும், இடம் மாற வேண்டும், பணம் வேறு பக்கம் திரும்ப வேண்டும், தேவைப்பட்டால் நிகழ்ச்சியே நின்றுபோக வேண்டும். அது நடக்காத வரை "எல்லாரும் சேர்ந்து செய்கிறோம்" என்பது பேச்சுக்குச் சொல்வதுதான்.

கேரல் ரவுண்ட்ஸ் யார் போட்ட திட்டம்?

"நம்ம ஆட்களுக்குத் திட்டம் போட எல்லாம் வராது சார், சொன்னாச் செய்வாங்க" என்று சொல்லும் கமிட்டிப் பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் யார் போட்ட திட்டம்?

வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் போட்டது. காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி கையில் நோட்டை வைத்துக்கொண்டு போட்டது. அந்த நோட்டை ஒருமுறை வாங்கிப் பாருங்கள். பகுதிவாரியாக வீடுகள். எந்த வீட்டில் கைக்குழந்தை, அதனால் எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். எந்தத் தாத்தா மாத்திரை போட்டுப் படுத்தபின் எழுப்பக்கூடாது. எந்த வீட்டில் இந்த வருடம் துக்கம், அங்கே டிரம்மும் கிறிஸ்மஸ் தாத்தாவும் வேண்டாம், மெதுவாக ஒரு பாட்டு, ஒரு ஜெபம். எந்த வீட்டில் இட்லி, எந்த வீட்டில் கேக்கும் சுக்குக் காபியும். ரயில்வே கேட் மூடினால் எந்த வழியாகச் சுற்றுவது. குவார்ட்டர்ஸுக்குள் விட வாசலில் யார் பெயரைச் சொல்ல வேண்டும். எந்தத் தெருவில் பத்து மணிக்கு மேல் கொட்டினால் எதிர்வீட்டுக்காரர் சத்தம் போடுவார், எந்தத் தெருவில் எதிர்வீட்டு அம்மாவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்து, "எங்க வீட்டுக்கும் ஒரு பாட்டுப் பாடுங்கப்பா" என்று கேட்பார்.

வருடத்தில் ஒருமுறை இந்தத் தெருக்களின் இந்து, முஸ்லிம் குடும்பங்கள் சபையை நேருக்கு நேர் பார்க்கும் இரவு அது. அதைத் திட்டமிடுகிறவர்களுக்கு வயது பத்தொன்பது, இருபது. போதகரான ஐயர் கடைசி வீட்டில் வந்து ஜெபம் செய்து ஆசீர்வாதம் கூறுகிறார், அவ்வளவுதான். யாரும் அதை அவுட்ரீச் என்று கணக்கில் எடுப்பதில்லை. அதே பிள்ளைகளைத்தான் மற்ற பதினொரு மாதமும் "கைப்பிரதி கொடுக்க வாலண்டியர்" என்று கூப்பிடுகிறோம்.

ஊர் மாறிவிட்டது, வேன் மாறவில்லை

நம்முடைய மேற்குப் புறநகர்ச் சபைகளில் பல தொழிற்சாலைகளோடு வளர்ந்தவை. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-ல் வந்தது. பிறகு டன்லப், அதன்பின் 1960களில் எஸ்டேட், அதாவது தொழிற்பேட்டை. ஆவடியில் 1961-ல் ஹெச்.வி.எஃப்., அதாவது கனரக வாகனத் தொழிற்சாலை. அங்கே செய்த முதல் விஜயந்தா டாங்கி 1965-ல் வெளிவந்தது. ராணுவ உடை தைக்கிற ஓ.சி.எஃப். இன்னொரு பக்கம். திருநெல்வேலி, நாகர்கோவில், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் நடத்தினார்கள். அது வளர்ந்து கொட்டகை ஆயிற்று, கொட்டகை கோயில் ஆயிற்று. கோபுரத்தைக் கட்டியது யார் என்று கேட்டால் இன்றும் பழைய ஆட்கள் ஃபிட்டர், டர்னர், வெல்டர் என்றுதான் சொல்வார்கள்.

அன்றைக்கு ஊர் முழுக்க ஒரே சங்குச் சத்தத்தில் எழுந்து ஒரே சங்குச் சத்தத்தில் வீடு திரும்பியது. சனிக்கிழமை சாயங்காலம் தெருவுக்குப் போனால் ஆள் இருப்பார்கள். இன்றைக்கு? அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சி ஆகிவிட்டது. எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் பக்கத்திலேயே கண்ணாடிக் கட்டடத்தில் ஐ.டி. கம்பெனி. பட்டாபிராமில் 2024 நவம்பரில் டைடல் பார்க் திறந்தாயிற்று. பூந்தமல்லி வரை மெட்ரோத் தூண்கள். கரையான்சாவடி, குமணன்சாவடிப் பக்கம் புது அடுக்குமாடிகள். ராத்திரி ஷிஃப்ட் போகிறவர், பகலில் தூங்குகிறவர், பைக்கில் சாப்பாடு கொண்டுபோகிறவர், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து ஒரே அறையில் முறைவைத்துப் படுக்கிறவர்கள். செயலாளரின் டைரியில் இவர்கள் யாரும் இல்லை. அதில் இன்னும் நாலு மணி சனிக்கிழமைதான் இருக்கிறது.

ஆனால் இவர்களையெல்லாம் அறிந்தவர்கள் சபையின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இது பளிச்சென்று தெரிந்தது. எஸ்டேட்டுக்குள் தண்ணீர், கொரட்டூர்ப் பக்கம் தண்ணீர், போனில் சார்ஜ் இல்லை. எந்தச் சந்தில் முதலில் தண்ணீர் ஏறும், எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பது தண்ணீர் கேன் போடுகிற தம்பிக்குத் தெரிந்திருந்தது. கமிட்டிக்குத் தெரியவில்லை. அவன் சொன்ன வழியில்தான் சாப்பாட்டுப் பொட்டலம் போயிற்று. மழை வடிந்ததும் அவன் மறுபடி கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டான்.

ஒரு சார்ட் பேப்பர்

எங்கள் பக்கத்துச் சபை ஒன்றில் இதை வேறு மாதிரி செய்து பார்த்தார்கள். நானும் போய் உட்கார்ந்திருந்தேன். ஹெச்.வி.எஃப்.-ல் டிராயிங் செக்‌ஷனில் இருந்து ரிட்டயரான ஒரு அங்கிள் பெரிய சார்ட் பேப்பரில் ரயில் பாதை, சி.டி.எச். ரோடு, ஏரி, பள்ளிக்கூடம் எல்லாம் வரைந்துகொண்டு வந்திருந்தார். ஆளுக்கு இரண்டு வட்ட ஸ்டிக்கர். சிவப்பு நீங்கள் குடியிருக்கிற இடத்தில், பச்சை நீங்கள் பகலைக் கழிக்கிற இடத்தில்.

ஒட்டி முடித்ததும் கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. சிவப்பு மொத்தமும் நாலைந்து தெருவில் குவிந்து கிடந்தது. பச்சை ஊர் முழுக்கச் சிதறியிருந்தது: எஸ்டேட், ஆஸ்பத்திரி, ரேஷன் கடை, நர்சரிப் பள்ளி, ஏ.சி. மெக்கானிக் கடை, அயப்பாக்கம் அடுக்குமாடி. பல வருடமாக வேன் போய்க்கொண்டிருந்தது சிவப்புக்குப் பக்கத்திலேயே.

பிறகு பேச்சு ஆரம்பித்தது. அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்கிற ஒரு அக்கா, முதலில் தயங்கி, "அங்க நோட்டீஸ் எல்லாம் உள்ள விடமாட்டாங்க ஐயா, செக்யூரிட்டி வாங்கி வச்சுக்குவான். ஆனா நான் வேலை செய்ற வீட்டுல ரெண்டு பெரியவங்க மட்டும்தான். பிள்ளைங்க வெளிநாடு. மாத்திரை வாங்கித் தரக்கூட ஆள் இல்ல. வாரத்துல ஒருநாள் யாராவது வந்து உட்கார்ந்து பேசினாலே அந்தம்மாவுக்குப் போதும்" என்றார்.

பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிற ஒரு தம்பி எழுந்தான். "சனிக்கிழமை நாலு மணிக்கு பீகார் பசங்க ரூம்ல இருக்கமாட்டாங்கண்ணே. ஓ.டி. பார்ப்பாங்க. ஞாயித்துக்கிழமை மத்தியானம் துணி துவைச்சுப் போட்டுட்டு வீட்டுக்குப் போன் பேசிட்டு இருப்பாங்க, அப்பப் போகலாம். ஆனா சும்மா போகாதீங்க. பாதிப் பேருக்கு ஈ.எஸ்.ஐ. கார்டுல ஒரு பேர், ஆதார்ல ஒரு பேர். விரல் நசுங்கிட்டு அயனாவரம் ஆஸ்பத்திரிக்குப் போனா அங்க நின்னு முழிக்கிறாங்க."

பின்வரிசையில், வருடக்கணக்காகச் சபையில் வாய் திறக்காத ஒரு ரிட்டயர்டு கிளார்க், "பேர் திருத்தம்தானே? எனக்கு அந்த வேலை அத்துபடி. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நான் சும்மாதான் இருக்கேன்" என்றார்.

அந்த மாதம் வேன் ஓடவில்லை. "இந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி வேண்டாம்" என்று கூட்டம் சொன்னது. ஐயர் அதைத் தீர்மானப் புத்தகத்தில் தன் கையால் எழுதினார். என்னைக் கேட்டால் அந்த மாலையில் பெரிய காரியம் அந்த ஒரு வரிதான். யோசனை சொன்னவர்களுக்கு, தாங்கள் சொன்னது நடக்கிறது என்று முதல்முறையாகத் தெரிந்தது. கிளார்க் ஐயா இப்போது ஒரு பழைய ஃபைலும் பேனாவுமாக அந்த அறைகளுக்குப் போய்வருகிறார். "அங்கிள், நீங்கள் எந்தக் கோயில்?" என்று பையன்கள் ஹிந்தியில் கேட்கிறார்களாம். அவரும் தெரிந்த ஹிந்தியில் சொல்கிறாராம்.

மறுநாள் காலை அங்கே நிற்பது யார்?

உறுப்பினர்களைக் கேட்டுத்தான் திட்டம் போட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

ஒரு தெருமுனையில் ஒலிபெருக்கி வைத்து இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, பேச்சாளர் காரில் ஏறிப் போய்விடுவார். ஒலிபெருக்கியும் லாரி ஏறிவிடும். அதே தெருவில் குடியிருக்கிற நம் சபைக் குடும்பம் எங்கே போகும்? மறுநாள் காலையில் தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கப்போவது அந்த அக்கா. "என்னக்கா, நேத்து உங்க ஆளு எங்க சாமியப் பத்தி என்னென்னமோ பேசினாரு?" என்று பக்கத்து வீட்டுப் பெண் கேட்டால் பதில் சொல்லப்போவதும் அவர்தான். நல்லது கெட்டதுக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்த பழக்கம் அந்த ஒரு ராத்திரியில் கசந்துபோனால் அதைச் சரிசெய்ய வருடங்கள் ஆகும்.

தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. சட்டம் போனாலும் சந்தேகம் சில மனங்களில் இருக்கத்தான் செய்கிறது. அதை வாசலில் நின்று தினமும் எதிர்கொள்கிறவர்கள் சாதாரண விசுவாசிகள். விளைவைச் சுமக்கிறவருக்கு முடிவில் பங்கு வேண்டாமா? "எங்க தெருவுல மைக் வேண்டாம். லீவுல பிள்ளைகளுக்கு டியூஷன் வைங்க, எல்லா வீட்டுப் பிள்ளையும் வரும்" என்று அவர் சொன்னால், அதை விசுவாசக் குறைவு என்று எழுதிவிடுகிறோம். அந்தத் தெருவை நம்மைவிட நன்றாக அறிந்தவர் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளலாமே.

இது புதுக் கதை இல்லை

மேலைநாட்டு மேனேஜ்மெண்ட் புத்தகத்தைப் படித்துவிட்டு வந்து பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தமிழ்க் கிறிஸ்தவர்களின் பெரிய காரியங்கள் பல இப்படித்தான் பிறந்தன.

வேதநாயகம் சாமுவேல் அசரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்தார், அப்போது குருப்பட்டம் கிடையாது. 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே காசு சேர்த்துத் தாங்களே ஊழியம் நடத்துவதைப் பார்த்தார். ஊருக்குத் திரும்பி, 1903 பிப்ரவரி 12-ம் தேதி பாளையங்கோட்டையில் நண்பர்களோடு சேர்ந்து இந்தியன் மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார். எங்கே போவது, யாரை அனுப்புவது, எவ்வளவு செலவு என்று எல்லாம் திருநெல்வேலிச் சபை மக்கள் கூடிப் பேசியது. 1904-ல் முதல் மிஷனரியாக சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் சீமையிலுள்ள தோர்னக்கல் பக்கம் அனுப்பப்பட்டார். 1905 கிறிஸ்மஸ் அன்று செராம்பூரில் நேஷனல் மிஷனரி சொசைட்டி. இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் கொள்கை. நிர்வாகம் என்ற மூன்றாவதைக் கவனியுங்கள். ஆளையும் பணத்தையும் மட்டும் கேட்டிருந்தால் அது நம்முடைய இரண்டாம் சனிக்கிழமை அறிவிப்பாக நின்றிருக்கும்.

1910-ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பிரதிநிதிகள் வந்தார்கள். ஆசியாவிலிருந்து வந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஆசியாவைப் பற்றித்தான் நாள்கணக்கில் பேச்சு. அந்தச் சிலரில் ஒருவராக எழுந்து, எங்களைச் சமமான நண்பர்களாக நடத்துங்கள் என்ற பொருளில் அசரியா பேசியது அங்கே பலருக்குச் சுருக்கென்று பட்டது. 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் தோர்னக்கல்லில் பொறுப்பேற்ற பிறகும் அவர் மாறவில்லை. அவருடைய பேராயத்தில் ஞானஸ்நானம் பெறுகிறவர், படிப்பறியாத விவசாயக் கூலியாக இருந்தாலும், தன் தலையில் தானே கைவைத்து, நற்செய்தியைச் சொல்லும் கடமை எனக்கு என்று உறுதி சொல்ல வேண்டும். ஐயர் வந்து கைவைப்பதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் சென்னையிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. ஃப்ரெண்ட்ஸ் மிஷனரி பிரேயர் பேண்ட், எல்லாரும் எஃப்.எம்.பி.பி. என்று சொல்வது, அதன் தலைமையகம் சென்னையில்தான். 1950களின் கடைசியில் வாலிபர்களின் சின்னச் சின்ன ஜெபக்குழுவாகத் தொடங்கியது. வேப்பேரி இம்மானுவேல் மெதடிஸ்ட் ஆலயப் போதகராயிருந்த சாமுவேல் கமலேசன், கால்நடை மருத்துவம் படித்தவர், அதன் தொடக்கத் தலைவர்களில் ஒருவர். பேங்கில் வேலை செய்கிறவரும் டீச்சரும் வீட்டில் கூடி, உபவாசமிருந்து ஜெபித்து, சம்பளத்தில் எடுத்துவைத்து, முதலில் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களுக்கும் பிறகு குஜராத்தின் டாங்ஸ் வரைக்கும் ஆள் அனுப்பினார்கள்.

இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. நம் சபைகளில் ஜார்கண்டின் ராஜ்மஹால் மலைக்காக வருடக்கணக்காக ஜெபித்தவர்கள் இருக்கிறார்கள். சுவரில் வரைபடம் தொங்குகிறது. அதே ஜார்கண்டிலிருந்து வந்த பையன் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் இறங்கி நம் கோயில் வாசலைத் தாண்டி நடந்து போகிறான். அந்தச் சார்ட் பேப்பர் கூட்டம் வரை அவன் பெயரைப் பிரஸ் ஷாப் தம்பியைத் தவிர யாரும் கேட்டதில்லை. அந்தத் தம்பியிடமும் யாரும் கேட்டதில்லை.

எப்படிக் கேட்பது?

முதலாவது, கூட்டத்துக்குத் திட்டத்தைக் கொண்டுபோகாதீர்கள், கேள்வியைக் கொண்டுபோங்கள். "அவுட்ரீச்சுக்கு எங்கே போகலாம்?" என்று கேட்டால் எல்லாரும் ஐயர் முகத்தைப் பார்ப்பார்கள். "வாரம் முழுக்க யாரோடு இருக்கிறீர்கள்? அவர்களுக்கு ராத்திரி தூக்கம் கெடுக்கிற விஷயம் என்ன?" என்று கேட்டால் வாய் திறப்பார்கள்.

இரண்டாவது, கேட்கும் இடம். ஆராதனை முடிந்த கையோடு பாரிஷ் ஹாலில் கூட்டம் போட்டால் பெண்கள் சமைக்க ஓடுவார்கள், ஏ ஷிஃப்ட் ஆட்கள் வந்திருக்கவே மாட்டார்கள், எலெக்‌ஷனில் நிற்கிறவர்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். பகுதி ஜெபத்தில் கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் கேளுங்கள். பாடகர் குழு பயிற்சி இடைவேளையில் கேளுங்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியம் என்று தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அதில் பக்கத்து வீட்டு விஷயம் சுலபமாகப் பேச்சுக்கு வந்துவிடும். போப் பிரான்சிஸ் 2021-ல் தொடங்கி 2024 வரை நடத்திய சினட்கூட, பங்குகளில் மக்களிடம் கேட்பதில்தான் ஆரம்பித்தது. நல்லது எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்வோம்.

மூன்றாவது, பேசும் வரிசை. ஐயர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் "ஐயா சொல்றது சரிதான்" என்று கூட்டம் முடிந்துவிடும். சார்ட்டில் எழுதும் பேனாவை இளையவர் யாரிடமாவது கொடுங்கள்.

நான்காவது, பணம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சின்னத் தொகையைக் கையில் கொடுத்து, "என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள், கணக்கை மட்டும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். ஐம்பது ரூபாய்க்கும் கமிட்டியின் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்றால் யோசனை வருவதும் நின்றுபோகும்.

கடைசியாக, முடிந்தபின் பேசுங்கள். ஃபோட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு மறந்துவிடாமல், அந்தத் தெருவில் குடியிருக்கிறவரிடம் முதலில் கேளுங்கள்: "மறுநாள் என்ன பேசிக்கிட்டாங்க?"

ஆட்சேபணைகள் எனக்கும் தெரியும்

"இதெல்லாம் ஆரம்பித்தால் பெரிய வீட்டுக்காரர்கள்தான் பேசுவார்கள்." உண்மை. கமிட்டி எலெக்‌ஷனில் சொந்த ஊர், சாதி, குடும்பம் எல்லாம் எப்படி உள்ளே வருகிறது என்று தெரியாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. பகுதி ஜெபத்தை நிரப்புவது பெண்கள், கமிட்டியை நிரப்புவது ஆண்கள். அதனால்தான் கமிட்டி அறையை விட்டு வெளியே வந்து கேளுங்கள் என்கிறேன். கேட்பதை நிறுத்தினால் அந்தப் பெரிய வீடுகள் கேள்வியே இல்லாமல் ஆளும்.

"ஐயருக்கு மரியாதை குறையும்." அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கிரேக்க மொழி பேசுகிற விதவைகளுக்குப் பந்தியில் ஓரவஞ்சனை நடக்கிறது என்று முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் தாங்களே ஒரு கமிட்டி போட்டு அறிவித்துவிடவில்லை. சபையைக் கூட்டி, நீங்களே ஆட்களைத் தெரிந்தெடுங்கள் என்று விட்டார்கள். சபை தெரிந்தெடுத்த ஏழு பெயர்களையும் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்துவிட்டார்கள்! அதனால் அப்போஸ்தலர்களுக்கு மரியாதை குறைந்ததாக அந்த அதிகாரத்தில் இல்லை. சீஷர்களுடைய தொகை பெருகியது என்றுதான் இருக்கிறது.

"விசுவாசிகளுக்கு இறையியல் தெரியாதே." அதற்குத்தான் ஐயர் இருக்கிறார். உதவி செய்கிற சாக்கில் ஆசை காட்டி ஆள் சேர்க்கிற வாடை வருகிறதா, வயதானவரின் தனிமையை நாம் பயன்படுத்திக்கொள்கிறோமா, சொல்வதில் நேர்மை இருக்கிறதா என்று தட்டிக்கேட்பது அவர் வேலை. கூட்டத்தில் அவர் கடைசியில் பேச வேண்டும் என்றேன். பேசவே வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நேரம் இழுக்கும்." இழுக்கும்தான். சார்ட் பேப்பர் சபையில் அந்த மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. அடுத்த மாதமும் பெரிதாக ஒன்றும் இல்லை. கவுண்ட் காட்ட ஒன்றும் கிடையாது. ஆண்டறிக்கையில் "கைப்பிரதி விநியோகம்" என்ற கட்டத்தில் கோடு போட வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். நம் சி.எஸ்.ஐ. சபைகளில் சில வருடங்களுக்கு ஒருமுறை ஐயர் மாற்றலாகிப் போவார். சால்வை போட்டு, குரூப் ஃபோட்டோ எடுத்து, அழுது அனுப்பிவைப்போம். அவர் ஆரம்பித்த ஊழியங்களில் எத்தனை அடுத்த கிறிஸ்மஸ் வரை தாங்கின என்று எண்ணிப் பார்த்தால், பெரும்பாலும் அவருடைய சாமான் ஏற்றிய வண்டியிலேயே அவையும் ஏறிப் போயிருக்கும். புதிதாக வருகிறவர் தன் திட்டத்தோடு வருவார். நாம் மறுபடி பெயர் கொடுப்போம்.

கேரல் ரவுண்ட்ஸ் மட்டும் எத்தனை ஐயர் மாறினாலும் நிற்பதில்லை. அது சபையாருடைய திட்டம். அக்கா போட்ட நோட்டைத் தங்கை வாங்கிக்கொள்கிறாள். ஆகவே ஆண்டுக் கூட்டத்தில் அறிக்கை வாசிக்கும்போது எத்தனை நிகழ்ச்சி, எத்தனை வேன், எத்தனை கைப்பிரதி என்ற கணக்கோடு ஒரு கேள்வியையும் எழுந்து கேளுங்கள்: "ஐயர் நாளைக்கே மாற்றலாகிப் போனால், இதில் எது நடக்கும்?" நடக்கும் என்று கைதூக்க ஆள் இருக்கிற காரியம் மட்டும்தான் சபையின் ஊழியம்.